பிராகில் யாரோடு நடப்பது?

செக் நாட்டுத் தலைநகர் பிராக் போய்வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கைடு வேணுமா, கையில இருக்கிற போனே போதுமா?" என்பதுதான். புறப்படும்போது எங்களுக்கும் அதே கேள்வி இருந்தது. கூடவே மூன்று விஷயங்கள்: அம்மாவுக்கு 67 வயது, இடது முழங்காலில் தேய்மானம், இங்கிலீஷ் தெரியாது. அம்மா, மனைவி, நான் என மூன்று பேர், அக்டோபரில் ஐந்து நாள். நாலு விதமாக நடந்து பார்த்தோம். திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று சரிப்படாமல் அடுத்ததற்குப் போனோம்.

நடக்கவேண்டிய தூரம் ஒன்றும் பெரிதில்லை. போஹீமிய (பழைய செக் நாட்டு) அரசர்கள் முடிசூட்டிக்கொள்ளப் போன ராஜபாட்டை வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம் வழியாக மேட்டில் இருக்கும் கோட்டைவரை போகிறது. மொத்தமே இரண்டரை கிலோமீட்டர் சொச்சம். ஆனால் தரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரக் கல். நடக்கும்போது தெரியாது, ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்றால் பாதம் வழியாக ஏறி இடுப்புவரை சொல்லும். கைடோடு போவது என்றால் பாதி நேரம் நிற்பதுதான் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டோம்.

முதல் நாள் காலை குடைக்காரர்களிடம் போனோம். பழைய நகரச் சதுக்கத்தில் வண்ணக் குடையோடு நிற்பார்கள். 'இலவச நடை' என்று பெயர். கடைசியில் மனசுக்குப் பட்டதைக் கொடுக்கலாம். இந்த இலவசத்துக்கு உள்ளே ஒரு கணக்கு உண்டு. இப்படி நடத்தும் பல நிறுவனங்களில், வந்த தலைக்கு இவ்வளவு என்று கைடுதான் நிறுவனத்துக்குக் கட்டவேண்டும். பத்துப் பேர் நடுவழியில் நழுவிவிட்டால் அந்தப் பத்துப் பேருக்கும் அவர் கைக்காசு போகும். அதனால் கூட்டம் சேரவேண்டும், சிரிக்கவேண்டும், கலையாமல் கடைசிவரை வரவேண்டும். எங்கள் குழுவில் முப்பது பேருக்கு மேல். கூட்டிப்போனவர் வேறு நாட்டிலிருந்து வந்து மூன்று வருஷமாக அங்கே இருக்கும் இளைஞர். நல்ல குரல், நல்ல வேடிக்கைப் பேச்சு.

வானியல் கடிகாரத்தின் கீழே நிறுத்தி, ஹானுஷ் என்ற கலைஞர் இதைச் செய்தார், வேறு ஊருக்கு இப்படி இன்னொன்று செய்துகொடுத்துவிடக் கூடாதென்று நகரசபை அவர் கண்ணைக் குருடாக்கிவிட்டது என்று உருக்கமாகச் சொன்னார். கூட்டம் உச்சுக்கொட்டியது. அது கட்டுக்கதை. 1410இல் அதைச் செய்தவர் மிகுலாஷ் என்ற கடிகாரக் கலைஞர். கதையைக் கதை என்று சொல்லிச் சொல்லியிருந்தால் எனக்குக் குறை இல்லை. ஆனால் முப்பது பேரைப் பிடித்து நிறுத்தவேண்டியவருக்கு, குருடான கலைஞர் தேவைப்படுகிறார்.

எங்களுக்கு வந்த சிக்கல் அதைவிடச் சின்னது, அதைவிடப் படுத்தியது. அவர் ஒரு நகைச்சுவை சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா என் சட்டையை இழுத்து "என்னடா சொன்னான்?" என்பாள். நான் மெல்லிய குரலில் சொல்லத் தொடங்குவேன். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். நான் முடிப்பதற்குள் குடை அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அம்மா பின்தங்குவாள், மனைவி நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை காட்டுவாள். இரண்டரை மணி நேரத்தில் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது கண் போன கலைஞர் கதை மட்டும். அதுவும் பொய்.

முடிவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, இங்கே சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்றார். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு நாங்கள் வெளியே வந்துவிட்டோம். மூன்று பேருக்குமாக 900 கொருனா கொடுத்தேன். ஒரு கொருனா ஏறக்குறைய நாலு ரூபாய். அவர் சொன்ன ஒரு விஷயத்துக்கு மட்டுமே அந்தக் காசு தகும்: பணம் மாற்றும் கடையில் ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால், 1,000 யூரோவுக்குள்ளான தொகைக்கு, மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் ரத்து செய்யச் சொல்லலாம். 2019இலிருந்து அங்கே சட்டம் அப்படி. இன்னொன்றும் சொன்னார். தெருவெல்லாம் மணக்கும் சர்க்கரை தூவிய உருளை ரொட்டி, ட்ர்டெல்னீக், பிராகின் பழைய பலகாரம் இல்லை, சுற்றுலாவோடு வந்தது என்றார். மனைவி அதற்குள் இரண்டு வாங்கியிருந்தாள்.

தனியாகப் போகிற இளைஞனுக்கு, இங்கிலீஷ் நன்றாகப் புரிகிறவருக்கு, ஊரின் திசை பிடிபடுவதற்காக முதல் நாள் மட்டும் என்றால், குடை நடையைத் தாராளமாகச் சொல்வேன். முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் மட்டும் இருக்காதீர்கள், போக முடியாவிட்டால் ரத்து செய்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் அம்மா அறையில் ஓய்வெடுத்தாள். நானும் மனைவியும் ஆளுக்கொரு காதில் போனின் ஒலி வழிகாட்டியை மாட்டிக்கொண்டு விஷெஹ்ராட் போனோம். ஆற்றங்கரைப் பாறைமேல் பழைய கோட்டை, அதற்குள் ஒரு கல்லறைத் தோட்டம். த்வோர்ஷாக், ஸ்மெதனா போன்ற இசைமேதைகளும் ஓவியர் முகாவும் அங்கே இருக்கிறார்கள். கூட்டம் இல்லை, அவசரம் இல்லை, பிடிக்காததைத் தாண்டிவிடலாம். இந்த மாதிரி அமைதியான இடத்துக்குப் போனே போதும், கைடுக்குக் காசு செலவழிக்கவேண்டாம். அதே போனை வைத்துக்கொண்டு மாலையில் சார்லஸ் பாலத்துக்குப் போனதுதான் தப்பு. 516 மீட்டர் நீளம், 30 சிலை, தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். காதில் ஒரு குரல் "உங்கள் இடதுபுறம் பாருங்கள்" என்கிறது; இடதுபுறம் ஒருவர் செல்ஃபி எடுக்கிறார். நெபோமுக் என்ற புனிதரின் சிலைக்கடியில் பளபளவென்று தேய்ந்திருக்கிற பித்தளைத் தகட்டை எல்லோரும் ஏன் தொடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. போனிடம் கேட்கலாம்தான். ஆனால் பாலத்தின் நடுவில் நின்று தட்டச்சு செய்கிறவன் ஊரைப் பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள் காசு கொடுத்துச் சின்னக் குழுவில் சேர்ந்தோம். எட்டுப் பேர், தலைக்கு 850 கொருனா, யூதர்களின் பழைய குடியிருப்பான யோசெஃபோவ் மட்டும். ஒரே ஒரு பேட்டையை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம். இங்கே இரண்டு விஷயத்தைப் பதிவுசெய்யும்போதே பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்று, சனிக்கிழமை அந்த அருங்காட்சியகக் கட்டடங்கள் மூடியிருக்கும். இரண்டு, நுழைவுச் சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா. எங்களுக்குத் தனி. வாசலில் வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது.

பின்காஸ் தொழுகைக்கூடத்துக்குள் போனதும் கைடு பேச்சை நிறுத்திவிட்டார். சுவர் முழுக்கப் பெயர்கள். செக் நாட்டுப் பகுதிகளான போஹீமியா, மொராவியாவிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற யூதர்கள், கிட்டத்தட்ட 80,000 பேர். ஊர்வாரியாக, குடும்பம் குடும்பமாக, கையால் எழுதியது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இந்த இடத்தை மூடிவைத்தார்கள், ஈரத்தில் எழுத்தெல்லாம் பாழானது, 1990களில் மறுபடி எழுதினார்கள் என்பதை வெளியே வந்த பிறகு சொன்னார். அம்மா உள்ளே இருந்தவரை ஒருமுறைகூட "என்ன சொன்னான்" என்று கேட்கவில்லை. ஒரு சுவரை விரலால் தொடாமல், விரலைச் சற்றுத் தள்ளி வைத்து, வரிசையாகக் கீழே கொண்டுவந்தாள். ஒரே குடும்பப் பெயரின் கீழ் எத்தனை பேர் என்று எண்ணுகிறாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எட்டுப் பேர் என்பது நல்ல அளவு. கேள்வி கேட்கலாம், கைடு முகம் பார்த்துப் பேசுவார். ஆனால் மற்ற ஐந்து பேரின் வேகமும் நம் வேகமும் ஒன்றாக இருக்காது. அடக்கத்துக்கு இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு அடுக்குவரை புதைத்த பழைய கல்லறைத் தோட்டத்தில் அம்மா உட்கார இடம் தேடினாள். கிடைக்கவில்லை. கைடு இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை, மற்றவர்களும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். பெரிய குழுக்களில் காதில் மாட்ட ஒரு இயர்போன் தருவார்கள், கைடின் குரல் தெளிவாகக் கேட்கும். மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியவர் கூட இருந்தால் அது உபத்திரவம்: கைடு கேட்கும், அம்மா கேட்காது.

அன்று ராத்திரி மனைவிதான் சொன்னாள், "ஒரு நாளைக்காவது அத்தைக்காக ஒருத்தரை வெச்சுக்கலாம்." தனி கைடு, மூன்று மணி நேரம், 4,800 கொருனா. பத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். நான் கணக்குப் பார்த்தேன், முகம் சுளித்தேன், பதிவு செய்தேன்.

பதிவு செய்ததோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். அம்மாவின் முழங்கால், மொழி, உட்கார இடம் வேண்டும் என்பது. கூடவே இரண்டு ஆசைகள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பிராக் குழந்தை இயேசுவின் படம் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருந்தார். அப்புறம், தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்த, தமிழ் கற்பித்த இடத்தைப் பார்க்கவேண்டும். அவர் 1927இல் இதே பிராகில் பிறந்தவர்.

வந்தவர் ஐம்பதைத் தொடும் ஒரு பெண்மணி, பிறந்ததும் வளர்ந்ததும் அதே ஊர். முதல் வேலையாகத் திட்டத்தைத் தலைகீழாக மாற்றினார். எல்லோரும் கீழிருந்து கோட்டைக்கு ஏறுவார்கள். நாம் 22ஆம் எண் டிராமில் கோட்டைக்கே போய் இறங்குவோம், அந்தப் பக்கம் கிட்டத்தட்ட சமதளம் என்றார். திரும்பும்போதும் படியில் இறங்கவேண்டாம், முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் எமன், மறுபடி டிராம் என்றார். அம்மாவுக்கு இதை மொழிபெயர்த்தபோது "இவளுக்கும் முழங்கால் வலி இருக்கும்போல" என்றாள். இருந்தது.

1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்த புனித வீட்டுஸ் பேராலயத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துப் பேசினார். இரண்டு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், நான் தமிழில் சொல்வேன், அம்மா கேள்வி கேட்பாள், நான் திருப்பிச் சொல்வேன். இதனால் மூன்று மணி நேரத்தில் பார்த்த இடங்கள் பாதிதான். மொழிபெயர்ப்போடு போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கவேண்டும்: மூன்று மணி நேரக் கைடு உங்களுக்கு ஒன்றரை மணி நேரக் கைடு. மாலா ஸ்ட்ரானா என்ற பேட்டையில் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டிப்போனார். முழு உயரம் அரை மீட்டருக்கும் குறைவான மெழுகுப் பூச்சுச் சிலை, ஸ்பெயினிலிருந்து வந்தது, 1628இல் அந்த மடத்துக்குத் தானமாகக் கிடைத்தது. படம் வாங்கியாயிற்று.

ஆற்றைக் கடந்து கடிகாரத்துக்கு வந்தோம். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிறு இழுப்பதையும் சன்னலில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்துபோவதையும் பார்க்க நூறு போன்கள் உயர்ந்தன. இவர் அது முடிந்து கூட்டம் கலையும்வரை எங்களை எதிரே ஒரு ஓரத்தில் நிறுத்திவைத்துவிட்டு, அப்புறம் அழைத்துப்போய் முள்ளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். வெளிவட்டத்தில் 24 எண்கள், பழைய செக் நேரம். அதில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. உள்ளே நகர்கிற வட்டத்தில் பன்னிரண்டு ராசிகள். இன்னொரு கணக்கும் இருக்கிறது: சூரியன் உதித்து மறைகிறவரை உள்ள பொழுதைப் பன்னிரண்டாகப் பிரிப்பது, அதனால் கோடையில் ஒரு மணி நீளம், குளிர்காலத்தில் குட்டை. இதை நான் மொழிபெயர்க்கத் திணறிக்கொண்டிருந்தேன். அம்மா இடைமறித்தாள். "இதுல என்னடா கஷ்டம்? ராகு காலம் அப்படித்தானே, பகலை எட்டாப் பிரிக்கிறது." அதைச் சொன்னேன். கைடு நோட்டை எடுத்து ராகு காலம் என்பதைத் தன் மொழியில் எழுதிக்கொண்டார். மூன்று நாளில் அம்மாவிடமிருந்து ஒரு கைடு தெரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

அங்கிருந்து பத்தடி, நகரமண்டபத்தின் கிழக்குச் சுவரோரம். "கீழே பாருங்கள்" என்றார். தரைக்கல்லில் வெள்ளைக் கல்லால் பதித்த சிலுவைகள், 27. வெள்ளைமலைப் போரில் 1620இல் தோற்ற பிறகு, நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசரை எதிர்த்த 27 பேரை 1621 ஜூன் 21 அன்று இந்த இடத்தில் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் யான் யெசேனியஸ், மருத்துவர். 1600இல் இதே ஊரில் பொதுமக்கள் பார்க்க உடலை அறுத்து உடற்கூறு காட்டியவர். அவருக்கு முதலில் நாக்கை அறுத்தார்கள். 12 பேரின் தலையைப் பாலக் கோபுரத்தில் பத்து வருஷம் தொங்கவிட்டார்கள். எந்தக் கோபுரம் என்று மனைவி கேட்டாள். அரை மணி நேரத்துக்கு முன்பு படம் எடுத்துக்கொண்டோமே, அதே கோபுரம்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் குடைக்காரரோடு நின்றது இதே இடம். அவரும் இதைச் சொல்லியிருக்கலாம், என் காதில் விழவில்லை. முப்பது பேர் நின்றால் தரை எங்கே தெரியும்?

கடைசியாக யான் பலாக் சதுக்கத்தில் இருக்கும் சார்லஸ் பல்கலைக்கழகக் கலைப்புலக் கட்டடம். சுவெலபிலைப் பற்றி எங்கள் கைடுக்கு முன்பு தெரியாது. என் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டுப் படித்துவந்திருந்தார். கட்டட மூலையில் பலாக்கின் மரண முகமூடியை வார்த்த பலகை. சோவியத் படைகள் 1968 ஆகஸ்டில் வந்ததை எதிர்த்து, 1969 ஜனவரி 16 அன்று தன்னைத்தானே எரித்துக்கொண்ட இருபது வயது மாணவன், இந்தப் புலத்தில் படித்தவன். அதே படையெடுப்புக்குப் பிறகுதான் உங்கள் தமிழறிஞரும் நாட்டைவிட்டுப் போனார் என்றார். பிறகு தன் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து எங்கள் முன்னால் குலுக்கினார். 1989 நவம்பரில் வென்சஸ்லாஸ் சதுக்கத்தில் லட்சக்கணக்கான பேர் இப்படித்தான் சாவியைக் குலுக்கினார்கள், கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு விடைகொடுக்கிற மணி அது. அப்போது அவர் பள்ளி மாணவி, அப்பாவின் சாவியை வாங்கிக் குலுக்கினாராம். இதற்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா அந்தச் சாவியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளூர்க்காரர் வேண்டுமா, யாராக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சாவியைத்தான். வருஷங்களையும் அரசர் பெயர்களையும் யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். அதனால் கோட்டைக்கும் பாலத்துக்கும் வெளியூர்க்காரர் போதும். 1968, 1989 பற்றிக் கேட்கவேண்டுமானால் அங்கேயே வளர்ந்தவரைத் தேடுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. நாங்கள் போகவில்லை, நாள் போதவில்லை. வீடின்றித் தெருவில் வாழ்ந்த அனுபவம் உள்ளவர்களையே வழிகாட்டிகளாக வைத்து நடத்தும் பிராகுலிக் என்ற சமூக நிறுவனம். 2012இலிருந்து நடக்கிறது. அரண்மனை பார்க்க அல்ல, ரயில் நிலையத்தையும் பூங்காவையும் அங்கே படுத்திருந்தவர் கண்ணால் பார்க்க. பிராகுக்கு இரண்டாம் முறை போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, காசுக் கணக்கு. குடைக்காரருக்கும் சின்னக் குழுவுக்கும் தலைக்கு இவ்வளவு. தனி கைடுக்குத் தலை கணக்கில்லை, நேரத்துக்குத்தான். மூன்று பேராக எங்களுக்குத் தலைக்கு 1,600 கொருனா விழுந்தது, சின்னக் குழுவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. இன்னொரு குடும்பம் சேர்ந்து ஆறு பேராகப் போயிருந்தால் தலைக்கு 800, சின்னக் குழுவைவிடக் குறைவு. ஆகவே நாலு பேருக்கு மேல் இருந்தால், அதிலும் பெரியவர்களோ சின்னக் குழந்தைகளோ இருந்தால், யோசிக்காமல் தனி கைடு. இரண்டு பேர் மட்டும், இங்கிலீஷ் பிரச்சினை இல்லை என்றால், யோசெஃபோவ் மாதிரி ஒரே ஒரு பேட்டைக்குச் சின்னக் குழு. 'மூன்று மணி நேரத்தில் முழு பிராக்' என்று யார் விற்றாலும், எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும், வாங்காதீர்கள்.

தனி கைடு என்று முடிவுசெய்தால் ஐந்து நாளும் வேண்டாம், ஒரு நாள் போதும். அதை முதல் நாளே வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் நாலாம் நாள் வைத்தோம், அதற்குள் தெரியாமலே நிறைய மிதித்துவிட்டோம். மின்னஞ்சலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: எத்தனை படி, எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே. கழிப்பறைக்குப் பல இடங்களில் காசு, சில்லறை கையில் இருக்கட்டும்.

கிளம்பும் நாள் காலை விமானத்துக்கு நேரம் இருந்தது. அம்மா சதுக்கத்துக்குப் போகலாம் என்றாள். கைடு இல்லை, போனை நான் எடுக்கவில்லை. நகரமண்டபச் சுவரோரம் ஒரு மஞ்சள் குடை, சுற்றி முப்பது பேர், எல்லோர் தலையும் எதிரே தீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரத்தை நோக்கி நிமிர்ந்திருந்தது. அவர்கள் காலடியில்தான் சிலுவைகள். அம்மா ஓரத்தில் நின்று, அவர்கள் நகர்ந்து போகிறவரை காத்திருந்தாள். பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.